பெயரில் மட்டும் மிஞ்சிய பூங்கா

2019ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் பத்து நாள் பயிற்சியொன்றுக்காகச் சென்னைக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. புறப்படுவதற்கு முதல்நாள், புதுக்குடியிருப்பில் எங்கள் தையல் நிலையத்துப் பெண்களிடம், "உங்களுக்கு என்ன வாங்கிக்கொண்டு வர?" என்று கேட்டேன். ஒருவர் பூ வேலைக்கு நூல் கேட்டார். இன்னொருவர் நல்ல கத்தரிக்கோல் கேட்டார். மூலையில் இருந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் மட்டும் வேறொன்று கேட்டார்.

"பிள்ளை, மெட்ராசில பெரிய ஸ்ரேசனுக்குப் பக்கத்தில உயிர் காலேஜ் எண்டு ஒண்டு இருக்கு. ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லுவியே?"

மற்றப் பெண்கள் சிரித்தார்கள். உயிர் உள்ள காலேஜ், உயிர் இல்லாத காலேஜ் என்றும் உண்டோ என்று பகிடி பண்ணினார்கள். அம்மா தையலை மடியில் வைத்துவிட்டுக் கதையைச் சொன்னார்.

1984ஆம் ஆண்டின் கடைசியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய கிராமங்களின் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேற்றப்பட்டபோது வெளிக்கிட்டவர்களில் அவரும் ஒருவர். படகேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு சென்னையில் இருந்த உறவினர் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மகனுக்கு ஐந்து. 1985இன் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு போன இடம்தான் உயிர் காலேஜ்.

"கட்டிக்கொண்டு போன சோத்தை மர நிழலில இருந்து சாப்பிட்டம். சிங்கத்தைப் பாத்திட்டு அவன், 'அம்மா, இதுவும் அகதியோ? ஏன் கம்பிக்குள்ள வைச்சிருக்கினம்?' எண்டு கேட்டவன். பக்கத்தில நிண்ட சனமெல்லாம் சிரிச்சது. ஊரை விட்டு வெளிக்கிட்ட பிறகு நான் சிரிச்ச முதல் நாள் அதுதான் பிள்ளை."

அந்த மகன் 2009 மே மாதத்தில் வட்டுவாகலில் வைத்துத் தாயைப் பிரிந்தவர். இன்றுவரை அவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. அவருடைய சிறுவயதுப் படங்கள் ஒவ்வொரு இடப்பெயர்விலும் ஒவ்வொன்றாகத் தொலைந்து போயின. விசாரணைக் குழுக்களின் முன்னால் அம்மா பல தடவை போயிருக்கிறார். போகும்போதெல்லாம் அவரிடம் கேட்கப்படுவது, "ஆதாரம் என்ன வைச்சிருக்கிறியள்?" என்பதுதான்.

"கட்டாயம் போய்ப் பாக்கிறன் அம்மா" என்று சொல்லிவிட்டேன். அந்த இடம் எப்போதோ இல்லாமற் போய்விட்டது என்பது எனக்கு அப்போது தெரியாது. சென்னையில் நேரில் கண்டதையும், பின்னர் வாசித்தும் விசாரித்தும் அறிந்ததையும் வாசகிகளாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். எங்கோ இருந்த பூங்காவின் கதையில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்.

செத்த காலேஜும் உயிர் காலேஜும்

சென்னையின் அரும்பொருட்காட்சிச்சாலை 1851ஆம் ஆண்டு, கோட்டைக் கல்லூரி என்று சொல்லப்பட்ட ஒரு கட்டடத்தில் ஆரம்பமானது. 1854இல் எழும்பூருக்கு மாறியது. கல்லூரிக் கட்டடத்தில் பிறந்ததால் சாதாரண சனங்கள் அதைக் "காலேஜ்" என்றே அழைத்தார்கள் என்பர். பாடம் பண்ணிய விலங்குகளும் எலும்புக்கூடுகளும் அங்கே இருந்தபடியால் அது "செத்த காலேஜ்" ஆயிற்று.

அதற்குப் பொறுப்பாக இருந்தவர் எட்வர்ட் பல்ஃபர் என்ற மருத்துவர். உயிருள்ள விலங்குகளையும் வைத்தால் சனம் கூடுதலாக வரும் என்று கண்ட அவர், 1855இல் அந்த வளவுக்குள்ளேயே ஒரு மிருகக்காட்சிச்சாலையைத் தொடங்கினார். ஆர்க்காட்டு நவாப்பிடமிருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கினார். ஒரு வருடத்துக்குள் அங்கே 300க்கு மேற்பட்ட விலங்குகளும் பறவைகளும் ஊர்வனவும் சேர்ந்துவிட்டன. அதுவே சனங்களின் வாயில் "உயிர் காலேஜ்". இந்தியாவின் மிகப் பழைய மிருகக்காட்சிச்சாலைகளுள் இதுவும் ஒன்று.

பல்ஃபரைப் பற்றி இன்னொரு செய்தியையும் பெண்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டும். சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். 1875இல் மேரி ஷார்லிப் என்பவரும் வேறு மூன்று பெண்களும் அங்கே மாணவிகளாகச் சேர்ந்தார்கள்.

குளங்களோடு ஒரு பூங்கா

விலங்குகள் பெருகியதும் எழும்பூர் வளவு போதவில்லை. 1860களின் தொடக்கத்தில் அவை நகரசபையின் பொறுப்புக்கு வந்து, இன்றைய சென்ட்ரல் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் உருவாகிக்கொண்டிருந்த ஒரு பெரிய பூங்காவுக்கு மாறின. அதன் பெயர் பீப்பிள்ஸ் பார்க், அதாவது மக்கள் பூங்கா.

அதன் பரப்பு 116 ஏக்கர். வன்னிக் கணக்கில் சொல்வதானால், குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வீதம் 58 குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடிய காணி. அதற்குள் பதினொரு குளங்கள். சுற்றிவர ஐந்தரை மைல் நீளமான பாதைகள். குளிக்க ஒரு பொதுக் குளிப்பிடம், விளையாட்டு மைதானம், ரெனிஸ் ஆடுமிடம், பாண்டு வாத்தியம் வாசிக்க ஒரு மேடை, இவற்றோடு மிருகக்காட்சிச்சாலை. ஆரம்ப காலத்தில் விலங்குகளைப் பார்க்கக் கட்டணமும் இல்லை. காசில்லாத தாயும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம். குளக்கரையில் இருக்கலாம். கேட்பார் இல்லை.

இதைத் திட்டமிட்டவர் சார்ள்ஸ் ட்ரெவெலியன். 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்து, கல்கத்தா அரசின் வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860இலேயே திருப்பி அழைக்கப்பட்டவர். இவருடைய முன்கதை எங்களுக்குக் கசப்பானது. 1845இலிருந்து சில ஆண்டுகள் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து பெரும் பஞ்சம் வந்தது. ஏறக்குறைய பத்து இலட்சம் பேர் இறந்தார்கள். அப்போது லண்டனில் நிவாரண நிர்வாகத்தை நடத்திய உயர் அதிகாரி இவர்தான். நிவாரணம் கூடினால் சனங்கள் அதிலேயே தங்கிவிடுவார்கள் என்று நம்பி, உதவியை இறுக்கிப் பிடித்தார் என்பது வரலாற்றாசிரியர்கள் அவர்மேல் வைக்கும் குற்றச்சாட்டு. நிவாரண வரிசையில் நின்ற எங்களில் எத்தனை பேர் இதே கதையைக் காதாரக் கேட்டிருக்கிறோம்! அப்படிப்பட்டவர்கூட ஒரு நகரத்துச் சனங்களுக்குச் சோற்றோடு மூச்சுவிடவும் ஓர் இடம் வேண்டும் என்று எண்ணியிருக்கிறார். இது என்னை யோசிக்க வைத்தது.

1886 டிசெம்பர் 31

ஒவ்வோர் ஆண்டும் நத்தார், புதுவருட நாட்களில் இந்தப் பூங்காவில் பெரிய பொருட்காட்சி நடைபெறும். 1886ஆம் ஆண்டின் கடைசி நாள். தற்காலிகமாகப் போடப்பட்டிருந்த கொட்டகைகளில் தீ பற்றிக்கொண்டது. நெருக்கியடித்த கூட்டத்தில் சனங்களால் வெளியேற முடியவில்லை. 400க்கும் அதிகமானோர் அன்று உயிரிழந்தார்கள். விளையாட்டுக் காட்டப் பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்கள், புதுவருடத்துக்குப் புதுச்சட்டை போட்டு வந்தவர்கள்.

இந்த எண்ணிக்கையை வாசித்தபோது எனக்குச் சிறிது நேரம் மேலே வாசிக்க முடியவில்லை. ஓடுவதற்கு இடமில்லாத கூட்டம் என்றால் என்ன என்பதை இந்தப் பக்கத்தை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கவனியுங்கள். இவ்வளவு பெரிய தீயும் அந்தப் பூங்காவை அழித்துவிடவில்லை. சனங்கள் திரும்பவும் வந்தார்கள். பொருட்காட்சியும் பின்னர் பல ஆண்டுகள் அங்கே நடந்தது. அழிவு வேறு வழியால் வந்தது.

துண்டு துண்டாக

தீ நடந்த அதே 1886இல், பூங்காவின் காணியில் 57 கிரவுண்டு நிலம், அதாவது மூன்று ஏக்கருக்குச் சற்றுக் கூட, ஒரு நகர மண்டபம் கட்டுவதற்காக 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. கிரவுண்டு ஒன்றுக்கு ஆண்டுக்கு 8 அணா வாடகை. விக்டோரியா பொது மண்டபம் எழும்பியது. நல்ல மண்டபம். அங்கே நாடகங்கள் நடந்தன, கூட்டங்கள் நடந்தன. யாரும் குறை சொல்ல முடியாது.

அடுத்து, நடைபாதை வியாபாரிகளுக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. 1898இல் அடிக்கல் நாட்டி 1900இல் மூர் மார்க்கெட் திறக்கப்பட்டது. பழைய புத்தகம் தொடக்கம் பழைய கிராமபோன் தட்டு வரை அங்கே வாங்கலாம். அதையும் யாரும் குறை சொல்ல முடியாது. பின்னர் நகரசபைக்கே ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. 1909இல் வேலை தொடங்கி 1913இல் ரிப்பன் கட்டடம் திறக்கப்பட்டது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பூங்காவின் பக்கத்தில் இருந்த நிலையத்துக்குப் பூங்காவின் பெயரையே வைத்தார்கள். விளையாட்டரங்குக்கு ஒரு பகுதி போனது. குளங்கள் ஒவ்வொன்றாகத் தூர்ந்தன.

மிருகக்காட்சிச்சாலை சத்தத்துக்கும் புகைக்கும் நடுவில் நெருக்கப்பட்டது. 1970களின் நடுவில் அதை நகரத்துக்கு வெளியே கொண்டுபோவதென்று முடிவெடுத்தார்கள். வண்டலூரில் காட்டு நிலம் ஒதுக்கப்பட்டு, 1985 யூலை 24ஆம் திகதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புதிய மிருகக்காட்சிச்சாலையைத் திறந்து வைத்தார். விலங்குகளுக்கு அது நல்ல மாற்றம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு மாதத்துக்குள் முன்னர், 1985 மே 30ஆம் திகதி, மூர் மார்க்கெட் எரிந்து போனது. அந்த இடத்தைப் புகையிரத நிலைய விஸ்தரிப்பு எடுத்துக்கொண்டது. கடைக்காரர்களுக்கு மாற்றிடமாக, அல்லி பூத்த குளம் இருந்த இடத்தில் ஒரு கடைத்தொகுதி கட்டப்பட்டது. அதன் பெயர் அல்லிக்குளம். 1993இல் புதிய நேரு விளையாட்டரங்கம் வந்தது.

ஆக, எங்கள் அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு போனது, அந்தப் பூங்காவின் கடைசி மாதங்களில். அது அவருக்கும் தெரியாது, பக்கத்தில் நின்று சிரித்த சனங்களுக்கும் தெரியாது.

நான் கண்டது

பயிற்சி முடிந்த மறுநாள் நான் பார்க் நிலையத்தில் இறங்கினேன். "சென்னைப் பூங்கா" என்று பெயர்ப்பலகையில் எழுதியிருந்தது. இறங்கிப் பார்த்தால் பஸ்களும் ஓட்டோக்களும் மேம்பாலமும்தான். வீதிக்கு அந்தப் பக்கம் சென்ட்ரல் நிலையம். அதற்கு அந்த ஆண்டு எம்.ஜி.ஆரின் பெயரை வைத்திருந்தார்கள். நிலத்துக்குக் கீழே மெட்ரோ ரயில் ஓடிக்கொண்டிருந்தது. "உயிர் காலேஜ் எங்கே இருந்தது?" என்று இரண்டு இளைஞர்களிடம் கேட்டேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். வயதான பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர்தான் சிரித்துக்கொண்டு, "நீங்க நிக்கிற இடமெல்லாம் அதுதாம்மா" என்றார்.

அல்லிக்குளத்துக்குப் போனேன். கடைகள் இருந்தன. அல்லியும் இல்லை, குளமும் இல்லை. ரிப்பன் கட்டடத்தின் பின்பக்கம் "மை லேடீஸ் பூங்கா" என்ற சிறிய பூங்கா மட்டும் பழைய பூங்காவின் மிச்சமாக இருக்கிறது. அதன் மரங்களுக்குக் கீழே கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு திரும்பவும் நிலையத்துக்கு வந்து, அந்தப் பெயர்ப்பலகையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன்.

ஊருக்கு வந்ததும் நூலையும் கத்தரிக்கோலையும் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தடுமாறினேன். கடைசியில் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். அம்மா படத்தைக் கிட்டப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"பூங்கா எண்டு பேர் கிடக்குத்தானே?"

"ஓம் அம்மா."

"அப்ப அங்க ஒரு பூங்கா இருந்ததெண்டு அவையளே எழுதி வைச்சிருக்கினம். நான் சொன்னது பொய்யில்லை."

அவ்வளவுதான் சொன்னார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லத் தயாராக வந்திருந்தேன். அவரோ எனக்கு ஒரு பாடம் சொல்லித் தந்தார். ஓர் இடத்தின் பெயர் எங்காவது எழுதப்பட்டிருந்தால், அங்கே வாழ்ந்தவரின் வார்த்தைக்கு ஒரு சாட்சி இருக்கிறது.

இன்னொரு கரை

இதே காலத்தில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் இருந்த ஜியோகா ஏரிப் பூங்காவைப் பற்றியும் வாசித்தேன். 1887இல் ஏரிக்கரையில் தொடங்கிய பெரிய கேளிக்கைப் பூங்கா அது. 1925இல் அங்கே மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர் மிகவும் பெயர் பெற்றது. கம்பனிகள் கைமாறிக் கைமாறி நடத்தின. 2007 செப்ரெம்பர் 16ஆம் திகதி அந்தப் பருவத்தின் கடைசி நாளாக வழமைபோல் கதவைப் பூட்டினார்கள். ஐந்து நாட்களின் பின், இனித் திறக்கப் போவதில்லை என்று அறிவித்தார்கள். மூன்று தலைமுறையாகப் போய்வந்த சனங்களுக்குக் கடைசியாக ஒரு தடவை பார்க்கும் வாய்ப்புக்கூடக் கிடைக்கவில்லை. அந்த மர ரோலர் கோஸ்டரும் 2016இல் இடிக்கப்பட்டது.

அது தனியார் சொத்து. இலாபம் போதாது என்று பூட்டினார்கள். சென்னைப் பூங்காவோ பெயரிலேயே மக்களுடையது. ஆனால் இரண்டு இடத்திலும் முடிவெடுத்தவர்கள் வேறு, அங்கே போய்வந்தவர்கள் வேறு. பூங்காவுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போன தாயிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படிவத்தில் இல்லாத கட்டம்

இனி என்னுடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து வேலைக்கு வந்த புதிதில், 2015இல், எங்கள் பகுதியில் வீடு வீடாகச் சென்று தேவைகளைப் பதியும் வேலை எனக்குத் தரப்பட்டது. வீடு, கிணறு, மலசலகூடம், வாழ்வாதாரம், கடன், கல்வி என்று படிவத்தில் கட்டங்கள் இருந்தன. கணவனை இழந்த இளம் தாய் ஒருவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "தங்கச்சி, பின்னேரத்தில பிள்ளையளைக் கொண்டுபோய் விட ஒரு இடம் வேணும். அதுகள் விளையாட, நாங்களும் கொஞ்ச நேரம் இருந்து கதைக்கலாம்" என்றார். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. நான் எழுதவில்லை. அதே கோரிக்கையை வேறு நான்கைந்து வீடுகளிலும் கேட்டேன். அங்கும் எழுதவில்லை. கூரை இல்லாத வீட்டில் இருந்துகொண்டு பூங்கா கேட்கிறார்களே என்றுகூட மனதுக்குள் நினைத்தேன்.

நானும் செட்டிகுளம் முகாமில் இருந்தவள்தான். முட்கம்பிக்குள் இருந்த அந்த நாட்களில், பின்னேரம் ஆறு மணிக்கு எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் கிளித்தட்டு மறிப்பார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மாருக்கும் அந்த அரை மணி நேரம்தான் மூச்சு. அதை நான் எப்படி மறந்தேன் என்பது இன்றும் எனக்கு வெட்கம்.

பிள்ளைகளின் விளையாட்டு ஆடம்பரம் அல்ல. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு பிள்ளையின் உரிமை என்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்று உறுதிப்படுத்தியது. பயந்த பிள்ளை விளையாட்டில்தான் மெல்லத் தெளியும். தாய்க்கும் நாலு பேரோடு கதைக்க ஓர் இடம் கிடைத்தால் மனப்பாரம் குறையும். இதை எங்கள் வேலையில் நாங்கள் தினமும் காண்கிறோம்.

மருதடி

எங்கள் குளக்கட்டின் ஓரத்தில் மருதமரங்கள் நிற்கும் ஒரு திடல் உண்டு. மருதடி என்று சொல்வோம். 2012இல் மீளக்குடியேறி வந்த நாளிலிருந்து பின்னேரங்களில் பெண்களும் பிள்ளைகளும் கூடும் இடம் அதுதான். நான் சென்னையால் வந்து சில கிழமைகளில், அந்த இடத்தை யாரோ நாடா பிடித்து அளந்ததாகச் சொன்னார்கள். களஞ்சியம் கட்டப் போகிறார்களாம். களஞ்சியமும் தேவைதான். மூர் மார்க்கெட்டும் தேவையாகத்தான் இருந்தது.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சென்னைப் பூங்காவின் கதையைச் சொன்னேன். பிறகு வெண்கட்டியால் நிலத்தில் எங்கள் ஊரின் படத்தைக் கீறினோம். எந்த அலுவலகம், எந்தக் காணி என்று பார்த்தோம். மருதடிக்கு உரிய பதிவு என்ன என்று தகவல் அறியும் சட்டத்தின் கீழ் ஒரு கடிதம் கொடுத்தோம். பல நாட்களின் பின் பதில் வந்தது. பதிவேட்டில் அந்த இடம் "வெற்றுக்காணி" என்று இருந்தது.

அதை வாசித்தபோது அம்மாவுக்குக் கோபம் வந்தது. "வெறுங்காணியோ? ஒவ்வொரு நாளும் அங்க இருக்கிற நாங்கள் ஆர்? எழுது பிள்ளை" என்றார். எழுதினோம். காலையில் பாடசாலைப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்பது அங்கே. மத்தியானம் மாடுகள் படுப்பது அங்கே. மூன்று மணிக்குச் சீட்டுக்காசு சேர்ப்பது அங்கே. நாலரையிலிருந்து இருட்டும்வரை விளையாட்டு. செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் பாத்திரம் கழுவுவது அங்கே. எல்லாவற்றையும் எழுதி, கீழே 63 பெண்கள் கையெழுத்து வைத்தார்கள். முதற் கையெழுத்து அம்மாவுடையது. "மருதடி என்ற பெயரைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும்" என்பதே எங்கள் முதற் கோரிக்கை.

நீங்களும் செய்யலாம்

உங்கள் ஊரிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். அதற்காக நீங்கள் செய்யக்கூடியவை சில:

முதலாவது, அந்த இடம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்கு நீர் கொடுக்கும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. பொதுப் பூங்கா, மைதானம் போன்றவற்றைப் பிரதேச சபையிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர் அறிவிக்க வேண்டும்.

மூன்றாவது, அந்த இடத்தில் நாள் முழுவதும் என்ன நடக்கிறது என்பதை எழுதி வையுங்கள். பெயரையும் எழுதி வையுங்கள். தேவைப் படிவத்தோடு யாராவது வந்தால், கட்டம் இல்லாவிட்டாலும் எழுதும்படி வற்புறுத்துங்கள். என்னைப் போன்றவர்கள் எழுதாமல் விட்டால், கையைப் பிடித்து எழுத வையுங்கள்.

எங்கள் மருதடியின் விடயம் இன்னும் முடிந்துவிடவில்லை. 2020இல் கொரோனா வந்தது, பிறகு பொருளாதார நெருக்கடி வந்தது. கடிதங்கள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் களஞ்சியம் அங்கே எழும்பவில்லை. பழைய ரயர் ஒன்றைக் கயிற்றில் கட்டி மருதங்கொப்பில் ஊஞ்சல் போட்டிருக்கிறோம். தகரத் துண்டொன்றில் "மருதடி" என்று பெயின்றால் எழுதி மரத்தில் தொங்கவிட்டிருக்கிறோம்.

போன கிழமை பின்னேரம் அந்தப் பக்கம் போனேன். அம்மா ஊஞ்சலில் ஒரு சின்னப் பெடியனை வைத்து ஆட்டிக்கொண்டு நின்றார். யாருடைய பிள்ளை என்று கேட்டேன்.

"ஆற்றை பிள்ளையெண்டால் என்ன? நீ ஒருக்கா இந்தக் கயித்தைப் பார். இறுக்கிக் கட்ட வேணும்" என்றார்.